உறங்காத உறைபனி உலகம்

நுழையும்முன்

அளவில் சிறிய விண்பொருள் விரைவில் வெப்பம் இழந்து, இயக்கம் ஒடுங்கிவிடும் என்பது நிலவியலார் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்து. கதிரவனிடமிருந்து பலநூறு கோடிக் கிலோமீட்டர் தொலைவில் சுற்றிவரும் புளூட்டோ, அக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தியது. மலை, சமவெளி, பனியாறு, மணல்மேடு, பிளவு எனப் புவியில் காணப்படும் நிலவடிவங்கள் பலவும் அங்கே உள்ளன. எனினும் அவற்றை ஆக்கிய பொருள்கள் வேறு. ஒரு நிலத்தின் தோற்றத்தைக் கொண்டே அதன் வரலாற்றைப் படித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒளிப்புள்ளியாய் இருந்த உலகம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ளது லோவெல் வானாய்வகம். அங்குப் பணியாற்றிய கிளைடு டோம்பா என்னும் இருபத்து நான்கு வயது இளைஞர், 1930ஆம் ஆண்டு ஜனவரியில் ஆறு நாள் இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு ஒளிப்படத் தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தார். விண்மீன்கள் அனைத்தும் தத்தம் இடத்தில் நிற்க, ஒரு புள்ளி மட்டும் இடம்பெயர்ந்திருந்தது. பிப்ரவரி 18 அன்று அவர் கண்டறிந்த அப்புள்ளியே புளூட்டோ. உழவர் குடும்பத்தில் பிறந்து, அப்போது கல்லூரிக்கல்வியும் பெற்றிராத ஓர் இளைஞரின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரைச் சேர்ந்த வெனிஷியா பர்னி என்னும் பதினொரு வயதுச் சிறுமி, உரோமானியத் தொன்மத்தில் பாதாள உலகை ஆளும் தெய்வத்தின் பெயரை அதற்குப் பரிந்துரைத்தாள். இருள் சூழ்ந்த தொலைவில் உலவும் பொருளுக்கு அப்பெயர் பொருத்தமாக அமைந்தது.

பெயர் கிடைத்தபோதும், அதன் இயல்பு நெடுநாள் விளங்கவில்லை. 1978ஆம் ஆண்டு சாரன் என்னும் துணைக்கோள் கண்டறியப்பட்ட பின்னரே புளூட்டோவின் நிறையைச் சரியாகக் கணக்கிட முடிந்தது. புவியின் நிறையில் அது ஏறத்தாழ 460இல் ஒரு பங்கு மட்டுமே. அதன் விட்டம் 2,377 கிலோமீட்டர். நமது நிலவின் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கதிரவனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 248 ஆண்டுகள் ஆகின்றன. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியாலும் அதன் மேற்பரப்பை வெளிச்சமும் கருமையும் கலந்த மங்கலான திட்டுகளாகவே காட்ட முடிந்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோள் என்பதற்குப் புதிய வரையறை வகுத்தபோது, புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீங்கிக் குறுங்கோள் ஆனது.

மூன்று நிமிடத்திற்கும் குறைவான பாதை

அவ்வரையறை வகுக்கப்படுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, அதே ஆண்டு ஜனவரி 19 அன்று, நியூ ஹொரைசன்ஸ் என்னும் விண்கலம் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்டிருந்தது. கோளை நோக்கிக் கிளம்பிய கலம் குறுங்கோளைச் சென்றடைந்தது எனலாம். ஒன்பதரை ஆண்டுப் பயணத்தில் அது ஏறத்தாழ 480 கோடிக் கிலோமீட்டர் தொலைவைக் கடந்தது. மணிக்கு ஏறக்குறைய 50,000 கிலோமீட்டர் விரைவில் சென்ற அக்கலத்தை நிறுத்திப் புளூட்டோவைச் சுற்றிவரச் செய்வதற்குப் போதிய எரிபொருளைச் சுமந்து செல்ல இயலாது. ஆகவே, கடந்து செல்லும்போதே கண்டுகொள்ள வேண்டியிருந்தது. புளூட்டோவின் விட்டத்திற்கு இணையான தொலைவைக் கடக்க அவ்விரைவில் மூன்று நிமிடம்கூடத் தேவையில்லை.

இத்தகைய பயணத்தில் பிழைக்கு இடமில்லை. ஒளியின் விரைவில் செல்லும் வானொலிச் செய்தி, புவியிலிருந்து கலத்தைச் சென்றடைய நான்கரை மணிநேரம் ஆகும். எனவே, படம் எடுக்கவேண்டிய ஒவ்வொரு நொடிக்கும் உரிய கட்டளைகள் முன்னரே கணினியில் பதியப்பட்டன. சந்திப்பிற்குப் பத்து நாள்களே எஞ்சியிருந்த நிலையில், 2015 ஜூலை 4 அன்று பணிச்சுமை மிகுந்து கணினி தடுமாறியது; கலத்துடனான தொடர்பு ஒரு மணிநேரத்திற்கும் மேலாக அறுந்தது. பொறியாளர்கள் இரவு பகலாக உழைத்து மூன்று நாள்களில் அதனைச் சீர்செய்தனர். ஜூலை 14 அன்று புளூட்டோவின் மேற்பரப்பிற்கு 12,500 கிலோமீட்டர் தொலைவில் கலம் கடந்து சென்றது. அன்று திரட்டிய தகவல்கள் முழுவதும் புவிக்கு வந்துசேரப் பதினைந்து மாதங்கள் ஆயின.

தெரிந்து தெளிவோம்

நியூ ஹொரைசன்ஸ் கலத்தில் இருந்த கருவிகளுள் ஒன்று விண்வெளித் தூசியைக் கணக்கிடுவது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்களே அதனை வடிவமைத்து உருவாக்கினர். பதினொரு வயதில் புளூட்டோவுக்குப் பெயர் தந்த வெனிஷியா பர்னியின் பெயர் அக்கருவிக்குச் சூட்டப்பட்டது. புளூட்டோவைக் கண்டறிந்த டோம்பாவின் அத்தியில் ஒரு சிறு பகுதியையும் அக்கலம் தாங்கிச் சென்றது.

பனியே பாறையாகும் நிலம்

புளூட்டோவின் நிலவடிவங்களைப் புரிந்துகொள்ள, முதலில் அங்குள்ள பொருள்களின் இயல்பை அறிதல் வேண்டும். அங்குக் கிடைக்கும் கதிரொளி, புவிக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. மேற்பரப்பின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 230 பாகை செல்சியஸ். இக்குளிரில் நீர்ப்பனிக்கட்டி கருங்கல்லைப்போல இறுகிவிடும். புவியில் பாறை செய்யும் வேலையை அங்கு நீர்ப்பனிக்கட்டி செய்கிறது. மலைகளும் மேலோடும் அதனால் ஆனவை.

நாம் சுவாசிக்கும் காற்றின் பெரும்பகுதியாகிய நைட்ரஜன், புளூட்டோவில் உறைந்து நிலமாகக் கிடக்கிறது. மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் அவ்வாறே உறைந்துள்ளன. ஆயினும், இவை நீர்ப்பனியைப்போல இறுகுவதில்லை. நைட்ரஜன் பனி மென்மையானது. தன் எடையாலேயே மெல்ல நகரக்கூடியது. கதிரொளி சிறிது கூடினால் ஆவியாகி, குறைந்தால் மீண்டும் உறைந்து படியும். இறுகிய நீர்ப்பனி, நகரும் நைட்ரஜன் பனி, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மீத்தேன் பனி ஆகிய மூன்றின் கூட்டுறவே புளூட்டோவின் நிலத்தோற்றம்.

இப்பனிப்போர்வைக்கு அடியில் என்ன உள்ளது? புளூட்டோவின் சராசரி அடர்த்தி நீரினுடையதைப்போல ஏறத்தாழ 1.85 மடங்கு. முழுவதும் பனியாயின் அடர்த்தி இதனினும் குறைவாகவும், முழுவதும் பாறையாயின் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். எனவே, அதன் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு பாறையும் எஞ்சியது பனியும் எனக் கணித்துள்ளனர். பாறை மையத்தில் திரண்டு கருவமாகவும், பனி அதனைச் சூழ்ந்த ஓடாகவும் அமைந்திருக்கக்கூடும்.

வயதைச் சொல்லும் குழிகள்

ஒரு நிலத்தின் வயதை, அதன் மண்ணைக் கையில் எடுத்து ஆராயாமலே அறிய ஒரு வழி உண்டு. வளிமண்டலம் அடர்த்தியாக இல்லாத விண்பொருள்களின்மீது சிறியவும் பெரியவுமான கற்கள் இடைவிடாது மோதுகின்றன. மோதிய இடத்தில் குழி தோன்றும். நெடுங்காலம் மாறாதிருந்த நிலத்தில் மோதுகுழிகள் மிகுதியாகக் காணப்படும். அண்மையில் புதுப்பிக்கப்பட்ட நிலத்தில் அவை குறைவாக இருக்கும். மழை பெய்து ஓய்ந்தபின் கூட்டப்பட்ட முற்றத்தில் காலடித் தடங்கள் குறைவாக இருப்பதைப் போன்றது இது.

இம்முறையில் கணக்கிட்டபோது, புளூட்டோவின் சில பகுதிகள் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுப் பழைமை உடையன எனத் தெரிந்தது. பர்னியின் பெயர் தாங்கிய பெருங்குழியும் மிகத் தொன்மையானது. ஆனால், ஒரு பகுதியில் மட்டும் ஆய்வாளர்கள் எவ்வளவு தேடியும் ஒரு குழியைக்கூடக் காணவில்லை. அப்பகுதியின் வயது ஒரு கோடி ஆண்டுக்கும் குறைவு எனக் கணித்தனர். சூரியக் குடும்பத்தின் 450 கோடி ஆண்டு வரலாற்றில் இது நேற்று நிகழ்ந்ததற்கு ஒப்பாகும்.

இதய வடிவ நிலத்தில் ஒரு சமவெளி

விண்கலம் அனுப்பிய படங்களில் முதலில் கண்ணைக் கவர்ந்தது, இதய வடிவில் ஒளிர்ந்த ஒரு பெரும்பரப்பு. அது டோம்பாவின் பெயரால் வழங்கப்படுகிறது. அதன் மேற்குப் பாதியில் விரிந்துள்ளதே குழிகளற்ற அச்சமவெளி. 1957இல் விண்ணில் ஏவப்பட்ட முதல் செயற்கைத் துணைக்கோளின் நினைவாக அது ஸ்புட்னிக் சமவெளி எனப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சமவெளி, சுற்றியுள்ள மேட்டுநிலத்தைவிட மூன்று முதல் நான்கு கிலோமீட்டர் தாழ்ந்துள்ளது. தொன்மைக்காலத்தில் பெரியதொரு விண்பொருள் மோதியதால் உண்டான பள்ளத்தில், பின்னர் நைட்ரஜன் பனி திரண்டு நிரம்பியது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தாழ்வான இடத்தில் வளி அழுத்தம் சற்று மிகுதி. ஆகையால் நைட்ரஜன் அங்கே எளிதில் உறைந்து தங்குகிறது.

இச்சமவெளியின் பரப்பு, வயல்களைப் பிரிக்கும் வரப்புகளைப்போன்ற பள்ளக்கோடுகளால் பல கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டமும் 10 முதல் 40 கிலோமீட்டர் அகலம் உடையது. நடுவில் சற்று மேடாகவும் ஓரத்தில் தாழ்ந்தும் காணப்படுகிறது. அடுப்பில் ஏற்றிய பாலின் அடிப்பகுதி சூடேறி மேலெழ, மேற்பகுதி குளிர்ந்து கீழிறங்குவது நாம் அறிந்ததே. இதனை வெப்பச்சலனம் என்பர். புளூட்டோவின் உட்பகுதியிலிருந்து கசியும் சிறிதளவு வெப்பமே, மென்மையான நைட்ரஜன் பனியை அடியிலிருந்து மேலெழச் செய்யப் போதுமானதாக உள்ளது. கட்டத்தின் நடுவில் எழும் பனி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் ஓரத்தை நோக்கி நகர்ந்து மீண்டும் அமிழ்கிறது. இவ்வாறு ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை சமவெளியின் முகமே புதிதாகிவிடுகிறது. குழிகள் தோன்றினும் நிலைபெறாமைக்குக் காரணம் இதுவே.

மிதக்கும் மலைகளும் பாயும் பனியாறுகளும்

சமவெளியின் மேற்கு விளிம்பை ஒட்டி மலைகள் அணிவகுத்து நிற்கின்றன. எவரெஸ்டு சிகரத்தை 1953இல் முதன்முதலில் எட்டிய இருவரான டென்சிங் நார்கே, எட்மண்ட் ஹிலாரி ஆகியோரின் பெயர்கள் அங்குள்ள இரு மலைத்தொடர்களுக்குச் சூட்டப்பட்டுள்ளன. டென்சிங் மலைகளின் உயர்ந்த சிகரம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உயரம் உடையது. நைட்ரஜன் பனியால் இத்துணை உயரமான மலை நிற்க இயலாது. தன் எடையைத் தாங்காது அது சரிந்து பரவிவிடும். ஆகவே, இம்மலைகள் நீர்ப்பனியால் ஆனவை என்பது தெளிவாயிற்று.

வடமேற்கில், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அராபிய நிலநூலறிஞர் அல் இத்ரீசியின் பெயர்கொண்ட மலைப்பகுதி உள்ளது. அங்கு மலைகள் தொடராக அமையாமல், உடைத்துக் கொட்டிய பாளங்களைப்போல ஒழுங்கின்றிச் சாய்ந்து கிடக்கின்றன. நீர்ப்பனியின் அடர்த்தி நைட்ரஜன் பனியின் அடர்த்தியைவிடச் சற்றுக் குறைவு. எனவே, மேலோட்டிலிருந்து பெயர்ந்த பாளங்கள் நைட்ரஜன் பனியில் பகுதி அமிழ்ந்து மிதக்கக்கூடும். புவியின் துருவக் கடல்களில் பனிப்பாறைகள் மிதப்பதற்கு ஒப்பான நிகழ்வு இது. ஆனால், அங்கு மிதப்பது மலை, தாங்குவதும் பனி.

சமவெளியின் கிழக்கே உள்ள மேட்டுநிலத்தில் படியும் நைட்ரஜன், பள்ளத்தாக்குகளின் வழியே பனியாறாகச் சமவெளிக்கு இறங்குகிறது. சமவெளியிலிருந்து ஆவியாகும் நைட்ரஜன் காற்றுவழி மேட்டிற்குச் சென்று படிய, அங்கிருந்து பனியாறாய் மீண்டும் தாழ்நிலத்தை அடைகிறது. புவியில் கடல், முகில், மலை, ஆறு எனச் சுழலும் நீர்ச்சுழற்சியின் மற்றொரு வடிவமே இது.

காற்றும் கதிரொளியும் செதுக்கியவை

புளூட்டோவின் வளி அழுத்தம் புவியினுடையதில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெலிந்த காற்று எதையும் அசைக்காது என்றே எண்ணத் தோன்றும். ஆனால், அல் இத்ரீசி மலைகளை அடுத்த சமவெளி விளிம்பில், பாலைநில மணல்மேடுகளைப்போல இணையிணையாய் அமைந்த மேடுகளை ஆய்வாளர்கள் கண்டு, 2018இல் விளக்கினர். அவை மணல் அளவிலான மீத்தேன் பனித்துகள்களால் ஆனவை என்பது அவர்கள் முடிவு. ஈர்ப்புவிசை புவியினுடையதில் பதினாறில் ஒரு பங்கே ஆதலால், எழும்பிய துகள் எளிதில் வீழ்வதில்லை. கதிரொளியால் நைட்ரஜன் ஆவியாகும்போது மீத்தேன் துகள்களை மேலே தூக்கிவிட, மென்காற்று அவற்றைச் சுமந்து செல்கிறது.

இதய வடிவ நிலத்திற்குக் கிழக்கே டார்ட்டரஸ் என்னும் பகுதியில், மீத்தேன் பனி கத்தி முனைகளைப்போலக் கூர்மையான வரம்புகளாக எழுந்து நிற்கிறது. ஒவ்வொன்றும் பலநூறு மீட்டர் உயரமானது. திடப்பொருள் நீர்மமாகாமல் நேரே ஆவியாதலைப் பதங்கமாதல் என்பர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை உச்சிகளில் வெயிலால் பனி பதங்கமாகும்போது, ஆளுயரத்திலும் அதற்குச் சற்று மேலும் பனிக்கூர்கள் உருவாகின்றன. அதே முறை புளூட்டோவில் பன்மடங்கு பெரிய அளவில் நிகழ்ந்துள்ளது.

நிலநடுக்கோட்டை ஒட்டிச் சில பகுதிகள் செம்பழுப்பு நிறத்தில் காணப்படுகின்றன. வளிமண்டலத்து மீத்தேன்மீது புற ஊதாக் கதிர்கள் படும்போது, சிக்கலான கரிமச் சேர்மங்கள் உருவாகி, நுண்துகள்களாக மெல்ல இறங்கி நிலத்தில் படிகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த அத்துகள்களே அந்நிறத்திற்குக் காரணம்.

பனியை உமிழ்ந்த மலைகள்

ஸ்புட்னிக் சமவெளியின் தெற்கே, விமானம் படைத்த ரைட் சகோதரர்களின் பெயரால் ஒரு மலை உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். அகலமோ 150 கிலோமீட்டர். உச்சியில் ஆழ்ந்த பள்ளம் ஒன்று காணப்படுகிறது. அதன்மீது மோதுகுழிகள் மிக அரிது. எரிமலை உருகிய பாறைக்குழம்பை உமிழ்வதுபோல, இம்மலை உட்பகுதியிலிருந்து பனிக்குழம்பை வெளியேற்றியிருக்கலாம் என அறிவியலார் கருதுகின்றனர். இதனைப் பனி எரிமலை என்பர். 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, இப்பகுதியின் பல குன்றுகள் இவ்வாறு வெளிவந்த பனிப்பொருளால் ஆனவை என்றும், அவை புளூட்டோவின் வரலாற்றில் பிற்காலத்தவை என்றும் கூறுகிறது. அவ்வாறாயின், பனியை இளக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுகிறது.

வியாழனின் துணைக்கோளாகிய அயோவில் எரிமலைகள் பொங்குவதற்குக் காரணம் உண்டு. வியாழனின் ஈர்ப்பு அதனை மாறிமாறி அழுத்தி இழுப்பதால் உட்பகுதி சூடேறுகிறது. புளூட்டோவுக்கோ அத்தகைய துணையில்லை. அதுவும் சாரனும் ஒன்றுக்கொன்று ஒரே முகத்தைக் காட்டியபடி 6.4 நாள்களுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. ஆதலின் இழுவிசையால் புதிய வெப்பம் தோன்றுவதில்லை. எஞ்சுவது, பாறைக் கருவத்திலுள்ள கதிரியக்கத் தனிமங்கள் மெல்லச் சிதைவதால் பிறக்கும் வெப்பமே. அச்சிறுவெப்பத்தை நெடுங்காலம் காத்துவைக்கும் வழி ஏதேனும் உள்ளே இருத்தல் வேண்டும்.

பிளவுகள் சொல்லும் செய்தி

அவ்வழி ஒரு கடலாக இருக்கலாம். புளூட்டோவின் மேலோட்டில் பலநூறு கிலோமீட்டர் நீளமுள்ள பிளவுகள் காணப்படுகின்றன. இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் பெயர்கொண்ட பிளவுகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை மேலோடு சுருங்கி மடிந்ததால் தோன்றியவை அல்ல. விரிந்து பிளந்ததால் தோன்றியவை. நீர் உறையும்போது அதன் பருமன் பெருகும் என்பதைப் பள்ளிப்பாடத்தில் கற்றுள்ளோம். உறைபெட்டியில் வைத்த நீர் நிறைந்த கண்ணாடிக்குப்பி உடைவது அதனாலேயே. பனி ஓட்டிற்கு அடியிலுள்ள கடல் சிறிது சிறிதாக உறைந்து பருத்ததால் ஓடு விரிந்து பிளந்தது எனக் கொண்டால், இப்பிளவுகளுக்கு விளக்கம் கிடைக்கிறது. அப்பிளவுகளின் அருகே அம்மோனியாவின் தடயங்களும் கண்டறியப்பட்டன. அம்மோனியா கலந்த நீர் எளிதில் உறையாது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இக்கருத்திற்கு வேறொரு சான்றும் உண்டு. ஸ்புட்னிக் சமவெளி, சாரனுக்கு ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கத்தில் அமைந்துள்ளது. ஒரு கோளத்தில் நிறை மிகுந்த பகுதி, காலப்போக்கில் இத்தகைய இடத்திற்குத் திரும்பும் என்பது இயக்கவியல் கணக்கு. ஆனால், பள்ளம் என்பது நிறை குறைந்த இடமன்றோ? பள்ளத்திற்கு அடியில் ஓடு மெலிந்து, பனியைவிட அடர்த்தி மிகுந்த நீர் மேலெழுந்து நிற்குமாயின், மேலே நிரம்பிய நைட்ரஜன் பனியும் சேர்ந்து அவ்விடத்தை நிறைமிகுந்ததாக்கும். இக்கணிப்பைக் கொண்டே பலரும் கடல் உண்டு எனக் கருதுகின்றனர். எனினும், இவை யாவும் மறைமுகச் சான்றுகள். அக்கடல் இன்றும் நீராக உள்ளதா, எப்போதோ உறைந்துவிட்டதா என்பதை உறுதிசெய்ய நேரடி அளவீடு தேவை.

காணாத பாதி

நியூ ஹொரைசன்ஸ் துல்லியமாகக் கண்டது புளூட்டோவின் ஒரு முகத்தை மட்டுமே. மறுமுகத்தை அது மூன்று நாள்களுக்கு முன், பல இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்தே பார்த்தது. தென்துருவப் பகுதி, பல்லாண்டு நீளும் குளிர்கால இருளில் மறைந்திருந்தது. புளூட்டோ 1989இல் கதிரவனுக்கு அண்மையில் வந்து, இப்போது ஒவ்வோர் ஆண்டும் விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. அதன் மெல்லிய வளிமண்டலம் எவ்வாறு மாறும், சமவெளியின் பனி எங்குப் பெயரும் என்பவற்றை அருகிருந்து காண மற்றொரு கலம் செல்லவேண்டும். அது போய்ச்சேரவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்று திட்டம் தீட்டுவோர் ஒரு தலைமுறையாகவும் அதன் பயனைக் காண்போர் மற்றொரு தலைமுறையாகவும் அமையலாம்.

புளூட்டோவைக் கோள் என்பதா, குறுங்கோள் என்பதா என்பது மனிதர் வகுத்த வரையறையைச் சார்ந்தது. அவ்வரையறை நாளை மாறவும் கூடும். மாறாதது, அந்நிலத்தில் எழுதப்பட்டிருக்கும் வரலாறு. சிறியது, தொலைவில் உள்ளது, குளிர்ந்தது என்பதனால் அங்கு அறிவதற்கு ஒன்றுமில்லை என்று விட்டிருந்தால், நகரும் பனியும் மிதக்கும் மலையும் மறைந்த கடலும் நம் அறிவுக்கு எட்டியிரா. நெப்டியூனுக்கு அப்பால் இன்னும் பல உறைபனி உலகங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை, டோம்பாவின் ஒளிப்படத் தகட்டில் புளூட்டோ இருந்ததைப்போல, இன்றும் வெறும் ஒளிப்புள்ளிகளாகவே நிற்கின்றன.